‘ஸ்கங்கி’க்கு ‘ஒளிவாடை’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நியூகாசில் பிரவுண் எய்ல் பற்றிக் குடிப்போர் எழுதும் சுவைக்குறிப்புகளைத் தமிழாக்குவதில் பெரும்பாலான சொற்களுக்குச் சிக்கலில்லை. 1927இல் சந்தைக்கு வந்த, 4.7 வீத அற்ககோல் கொண்ட அந்தப் பியரில் கருக்கிய சீனியின் இனிப்பும் கொட்டைப்பருப்பு வாசமும் முந்தி நிற்கின்றன, கசப்பு மெல்லியது, வாயில் கனதி போதாது என்பனவற்றை நம் வழக்கிலேயே சொல்லிவிடலாம். ‘ஸ்கங்கி’ (skunky) ஒன்றுதான் இடறுகிறது: நாற்றத்தைப் பீச்சும் ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரால், பியரில் எழும் ஒரு கெட்ட வாடையைக் குறிக்கும் சொல் அது. அதற்கு ‘மரநாய் வாடை’, ‘வெடுக்கு’, ‘ஒளிக்கெடுதி’ ஆகியன ஏற்கெனவே முன்மொழியப்பட்டுள்ளன.

‘மரநாய் வாடை’ என்ற முன்மொழிவுக்கு நான் உடன்படவில்லை. நம் நாட்டுப் பொன்னிற மரநாயின் மணம் சண்பகப்பூவை ஒத்திருப்பதால் சிங்களவர் அதைச் ‘சப்புமல் கலவெத்தா’ என்கின்றனர். ஸ்கங்க் செய்த பிழைக்கு அதன் தலையில் பழி போடுவது அநியாயம். ‘வெடுக்கு’ நல்ல சொல்லே, ஆனால் திருகோணமலையில் அதைக் கேட்டதும் மீன் சந்தைதான் நினைவுக்கு வரும்.

விலங்கை விட்டுக் காரணத்தைப் பார்ப்போம். ஹொப் பூவிலிருந்து வரும் கசப்புச் சேர்மங்கள், பியரில் இயல்பாகவே உள்ள ரைபோஃப்ளேவின் (விற்றமின் B2) ஒளியை உறிஞ்சிக் கடத்தும் ஆற்றலால் உடைந்து, கந்தகம் கொண்ட தயோல் ஒன்றை உருவாக்குகின்றன. ட்ரில்லியனில் சில பங்கு இருந்தாலே மூக்கு அதைப் பிடித்துவிடும். கபில நிறப் போத்தல் இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சைப் போத்தல் சிறிதளவே தடுக்கும், நிறமற்ற போத்தல் ஏறக்குறையத் தடுப்பதேயில்லை. உப்புவெளி மணலில் போட்ட மேசையில், நண்பகல் வெயிலில் ஊற்றி வைத்த கிளாஸ் அரைவாசி இறங்குமுன்பே வாடை எழுவதும் இதனால்தான். கடைக் குளிர்சாதனப் பெட்டியின் குழல்விளக்கும் நாட்கணக்கில் அதே வேலையைச் செய்யும் என்பதால், ‘வெயில்வாடை’ என்பது குறுகிய பெயராகிறது. எனவே ‘ஒளிவாடை’ என்பதை முன்வைக்கிறேன். வாடை என்றால் வடகாற்றல்லவா என்று கடலோடிகள் கேட்கக்கூடும். கருவாட்டு வாடை என்பவர்களும் அவர்களேதான்.

இச்சொல்லின் எல்லையையும் வரையறுக்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் மூடிக்கிடந்து, களஞ்சிய வெக்கையில் மாதக்கணக்கில் பழையதான பியரில் எழுவது வேறு: அது ஒட்சியேற்றத்தால் வரும் ஈரக்கடதாசி மணம், அதற்கு ‘மக்கல்’ என்ற நம் சொல்லே போதும். குடிப்போர் இரண்டையும் குழப்பி, டின்னில் அடைத்த பியரையும் ‘ஸ்கங்கி’ என்று எழுதிவிடுகின்றனர். ஒளியே புகாத டின்னுக்குள் ஒளிவாடை பிறக்க வழியில்லை. அத்தகைய குறிப்புகளில் எழுதியவர் எந்த மணத்தைச் சொல்கிறார் என்று பார்த்து, ‘மக்கல்’ என்றோ வெறுமனே ‘கெட்ட வாடை’ என்றோ பெயர்ப்பதே பொருந்தும்.

பெயரடையாக ‘ஒளிவாடை ஏறிய’ என்று எழுதலாம். ‘ஒளிக்கெடுதி’ என்பதை முன்மொழிந்த ஆசிரியை அம்மா இசைந்தால், அதை ஆய்வுகூட வழக்குக்கு ஒதுக்கிவிட்டு, சுவைக்குறிப்புகளுக்கு இதை வைத்துக்கொள்வோம்.