செட்டிநாட்டுப் பக்கம் இரண்டு இரவு: எந்த ஊரில் தங்குவது?

கோவை ஸ்டியரிங்:
வணக்கம். தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. கோவையிலிருந்து சொந்த வண்டியில் கிளம்புகிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 68 வயது, ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் யோசிப்பார். தினமும் பெட்டி கட்டி அறை மாற்ற அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் இரண்டு இரவும் ஒரே ஊர்தான்.

பார்க்க நினைப்பவை: பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி தரைக்கல் பட்டறை, கானாடுகாத்தான் வீடுகள், திருமயம் கோட்டை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, ஆவுடையார்கோவில். எல்லாவற்றையும் போன் மேப்பில் குறித்துவிட்டு நடுவில் எது வருகிறது என்று பார்த்தேன். திருமயம் வந்தது. ஆனால் அது சின்ன ஊர் என்கிறார்கள். அப்படியானால் காரைக்குடியா, புதுக்கோட்டையா, கானாடுகாத்தானா? மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. வண்டி பத்து வருஷத்துச் சின்னக் கார், தரையோடு தரையாகப் போகும்.

பழைய பியட்:
கானாடுகாத்தான். யோசிக்கவே வேண்டாம். அந்தத் தெருக்களில் விடியற்காலை ஆறு மணிக்கு நடக்க வேண்டும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று ஒரே வீடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நீண்டு கிடக்கும். பகலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த அமைதி கிடைக்காது.

புதுகை அக்கா:
தம்பி, எங்கள் புதுக்கோட்டையை எல்லாரும் பஸ் மாறுகிற இடமாகவே பார்க்கிறார்கள். சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர், திருமயம் 20, நார்த்தாமலையும் பக்கம். பெரிய ஆஸ்பத்திரி, ராத்திரி மருந்துக் கடை எல்லாம் இருக்கிறது. அம்மாவைக் கூட்டி வருகிறீர்கள், அதையும் யோசியுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: திருக்கோகர்ணத்தில் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பையனுக்குக் காட்ட நினைத்தால் வெள்ளியன்று வந்து ஏமாறாதீர்கள்.

செக்காலை ரோடு:
சார், நான் காரைக்குடிக்காரன். அதனால் என் பதிலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

மேப்பில் நடுப்புள்ளி தேடியதுதான் குழப்பத்துக்குக் காரணம். தினமும் நாலு திசைக்கும் போய்த் திரும்புகிறவருக்கு நடு ஊர் உதவும். நீங்கள் இருக்கப்போவது இரண்டரை நாள். அதில் முதல் நாள் வருகிற வழி, கடைசி நாள் போகிற வழி. கோவையிலிருந்து இந்தப் பக்கம் வர இரண்டு வழி உண்டு. ஒன்று திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழி. இன்னொன்று கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழி. முதலாவது ஏறக்குறைய 270 கிலோமீட்டர், இரண்டாவது 300 பக்கம். ஒன்றில் வாருங்கள், மற்றொன்றில் போங்கள். திருப்பத்தூர் தாண்டியதும் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் வழியிலேயே வந்துவிடும். திருமயம், சித்தன்னவாசல், நார்த்தாமலை மூன்றும் ஞாயிறன்று ஊர் திரும்பும் வழியில் விழும். வேறெங்கும் போகாமல் இந்தப் பக்கம் சுற்றுவது சனிக்கிழமை ஒரு நாள்தான். அந்தச் சனிக்கிழமைக்கு எது வசதியோ அதுவே உங்கள் ஊர்.

இன்னொரு விஷயம் மத்தியானம். கோவில்கள் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். திருமயம், சித்தன்னவாசல் மாதிரி தொல்லியல் துறை இடங்கள் பகலில் திறந்திருக்கும், ஆனால் அந்தப் பாறையில் ஒரு மணி வெயிலில் அம்மாவை நிறுத்த முடியாது. ஆகவே தினமும் மூன்று மணி நேரம் சும்மா இருக்க வேண்டிவரும். அந்த நேரத்தில் அறைக்கு வந்து, சாப்பிட்டு, காலை நீட்டிப் படுக்க முடிகிற தூரத்தில் ஊர் இருக்க வேண்டும். புதுக்கோட்டையில் தங்கினால் ஆத்தங்குடியிலிருந்து மத்தியானம் திரும்புவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். காரைக்குடியென்றால் ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி எல்லாமே பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள்.

பழைய பியட்:
மத்தியானக் கணக்கு சரி. நான் அப்படி யோசித்ததில்லை. ஆனால் கானாடுகாத்தானிலிருந்தும் அதே தூரம்தானே?

செக்காலை ரோடு:
தூரம் அதேதான், ஐயா. சாயங்காலம்தான் வித்தியாசம். கானாடுகாத்தானில் பொழுது சாய்ந்தால் விடுதிக்குள் சமைத்துப் போடுவதுதான் சாப்பாடு, அதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பாரம்பரிய வீட்டு விடுதிகளுக்கு வாடகையும் அதிகம். தம்பதியாக வருகிறவர்களுக்குக் கானாடுகாத்தானையே சொல்வேன். பத்து வயதுப் பையன் ராத்திரி எட்டு மணிக்குப் பரோட்டா கேட்டால் என்ன செய்வது?

கோவை ஸ்டியரிங்:
பரோட்டா விஷயத்தில் என் பையனை நேரில் பார்த்தவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சரி, மூன்று கேள்வி. அம்மாவால் எதெதற்கு ஏற முடியும்? தாழ்வான வண்டிக்கு அந்தக் கிராமத்து ரோடு ஒத்துவருமா? ஆவுடையார்கோவிலை எங்கே செருகுவது?

புதுகை அக்கா:
படி பற்றி நான் சொல்கிறேன். பிள்ளையார்பட்டியில் கவலையில்லை, குடைவரைதான் என்றாலும் தரைமட்டத்திலேயே தரிசனம். குன்றக்குடி மலைக்கோவில், படி ஏறித்தான் ஆக வேண்டும். நீங்களும் பையனும் ஏறுங்கள், அம்மா அடிவாரத்தில் இருக்கட்டும். சித்தன்னவாசலில் ஓவியம் இருக்கிற அறிவர் கோவிலுக்குக் கொஞ்சம் படிதான், மெதுவாக ஏற்றிவிடலாம். விதானத்தில் தாமரைக் குளம், அதில் மீன், யானை, பூப்பறிக்கிறவர்கள், எல்லாம் மங்கித்தான் இருக்கும். கண் பழகச் சற்று நில்லுங்கள். சமணர் படுக்கை இருக்கிற ஏழடிப்பட்டம் மலைக்கு மேலே, அது அம்மாவுக்கு வேண்டாம். நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு வெறும் பாறை மேல் நடந்து ஏற வேண்டும். அதுவும் வேண்டாம். திருமயத்தில் கோட்டைக்கு ஏறாவிட்டாலும் அடிவாரத்திலேயே சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோவில். அம்மாவுக்கு அதுவே போதும். நீங்கள் இருவரும் மேலே போய்ப் பீரங்கியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

செக்காலை ரோடு:
ரோடு: புதுக்கோட்டை–காரைக்குடிச் சாலை அருமையாக இருக்கும். திருமயத்தில் அந்தச் சாலையோரமாகவே கோட்டை பைரவர் இருக்கிறார். லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். உட்கிராமத்து ரோட்டில்தான் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

நீங்கள் வருவது அறுவடை நேரம். ரோட்டில் நெல்லையும் கதிரையும் பரப்பிவைத்திருப்பார்கள். தாழ்வான வண்டியில் வைக்கோல் மேல் ஏற்றாதீர்கள். அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பித்துவிடும். அடுத்தது, மழைக்காலம் முடிந்து கண்மாய் நிறைந்திருந்தால் சில இடத்தில் கலுங்குத் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடும். உள்ளூர் பைக் ஒன்று கடப்பதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மூன்றாவது, இருட்டு. விளக்கில்லாத டிராக்டர், ஆடு, மாடு. ஆறரைக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

தைப்பூசத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாட்களில் நகரத்தார் காவடி எடுத்துக் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாகப் பழனிக்கு நடப்பார்கள். நீங்கள் எதிர்த் திசையில் அதே சாலையில் வருவீர்கள். விடியற்காலையில் வேகம் வேண்டாம்.

ஆவுடையார்கோவிலை விட்டுவிடுங்கள். காரைக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பக்கம். போக, வர, பார்க்க என்று சனிக்கிழமை காலை முழுதும் அதற்கே சரியாகிவிடும்.

அறந்தாங்கி ரவுண்டானா:
விட்டுவிடச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? கல்லிலே மரச்சட்டம் மாதிரி கொடுங்கையை, அதாவது வளைந்த கூரை விளிம்பை, இழைத்திருக்கிறான். மூலஸ்தானத்தில் லிங்கம் கிடையாது, லிங்கத்தின் பீடமான வெறும் ஆவுடைக்குத்தான் பூஜை. நந்தியும் கிடையாது. மாணிக்கவாசகர் உபதேசம் பெற்ற ஊர். ஆத்தங்குடி வீட்டுத் தரையைப் பார்க்க நேரம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

செக்காலை ரோடு:
அண்ணே, அதனால்தான் அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஓடாதீர்கள் என்கிறேன். கொடுங்கையைப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும்.

கோவை ஸ்டியரிங்:
போய்விட்டு வந்துவிட்டோம். காரைக்குடியில்தான் தங்கினோம், கடைத்தெரு நெரிசலுக்கு வெளியே, வண்டி நிறுத்த இடமுள்ள ஒரு சின்ன விடுதி.

வெள்ளி விடிகாலை கிளம்பி, வழியில் டிபன் முடித்து, பதினொன்றேகாலுக்குப் பிள்ளையார்பட்டி. நடை சாத்துமுன் நிம்மதியாகக் கும்பிட்டோம். குன்றக்குடியை மாலைக்கு ஒத்திப்போட்டதில் அம்மாவுக்குத் தூக்கம் கிடைத்தது. சனிக்கிழமை காலை கானாடுகாத்தான் தெருக்கள், பழைய பியட் ஐயா சொன்னபடி வெயில் ஏறுமுன். அப்புறம் ஆத்தங்குடி. தரைக்கல்லைச் சுடுகிற சூளை எங்கே என்று பையன் தேடினான். சூளையே கிடையாது. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறதாம். அம்மா அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. எங்கள் பூஜை அறைக்கு எத்தனை கல் வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

தப்பும் ஒன்று செய்தேன். சனி சாயங்காலம் மறுபடி அந்தப் பக்கம் போய், திரும்பும்போது ஆறு நிமிடம் மிச்சம் என்று போன் காட்டிய குறுக்குவழியில் திரும்பினேன். அது கண்மாய்க் கரை மேலே ஏறிவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் டிராக்டர் தடம், இருட்டு. வண்டியைத் திருப்ப இடமில்லை. அரைக் கிலோமீட்டர் பின்னாலேயே எடுத்தேன், மனைவி டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அடியில் ஒரு தட்டு தட்டியது, சேதம் ஒன்றுமில்லை. ராத்திரி வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

ஞாயிறு திருமயம், சித்தன்னவாசல். அங்கிருந்து புதுக்கோட்டைக்குத் திரும்பாமல் அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலைக்கு வந்து நாற்கரச் சாலையைப் பிடித்தோம். நார்த்தாமலையை விட்டுவிட்டோம், வெயில் ஏறிவிட்டது. ஆவுடையார்கோவில் பாக்கி இருக்கிறது. அதற்கு அடுத்த தையில் வரலாம் என்று அம்மாவே சொல்கிறார்.

அறந்தாங்கி ரவுண்டானா:
வாருங்கள். எங்கே தங்குவது என்று இங்கே கேட்காதீர்கள், காரைக்குடிக்காரர் மறுபடி வந்துவிடுவார்.