புதிய கிராமத்துக்குப் பொதுவான கட்டட விதிகள்: எதை வரையறுப்பது, எதை வீட்டுக்காரரிடம் விடுவது?

நோர்வூட் வாசி (கேள்வி)

வணக்கம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்காக அமைக்கப்பட்ட ஒரு தனிவீட்டுத் திட்டத்தில் நாங்கள் வசிக்கிறோம். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் கிடைத்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வீடுகளை நீட்டுவது தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஒருவர் முன்னால் இஸ்தோப்பு இறக்குகிறார். இன்னொருவர் பின்பக்கத்து மண்திட்டை வெட்டி அறை எடுக்கிறார். இனிக் கட்டுபவர்கள் பின்பற்றுவதற்கான விதிகளை எழுதிவைக்க எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. கூரையும் சுவரும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். நுவரெலியாவின் பழைய தபால் நிலையம் போன்ற முகப்பு வேண்டும் என்பது வேறு சிலரின் விருப்பம். சொந்தக் காணியில் யாரும் தலையிடக் கூடாது என்போரும் இருக்கிறார்கள். லயக் காம்பராவில் ஒரு சிறு மாற்றம் செய்யவும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு நின்றவர்கள் நாங்கள். ஆகவே இந்தக் கடைசிக் குரலை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. எந்த விதிகள் கட்டாயம் வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதுளைக் கட்டுநர்

வணக்கம் ஐயா. நிறத்தையும் முகப்பையும் விட்டுவிடுங்கள். அவற்றால் அயல்வீட்டுக்கு எந்தக் கெடுதியும் வராது. மலைச்சரிவில் ஒரு வீட்டுக்காரர் செய்யும் வேலை கீழ்வீட்டுக்காரரைப் பாதிப்பது மண்ணாலும் நீராலும்தான். எனவே உங்கள் விதிகள் அவ்விரண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் மழைநீர். 550 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ ஐயாயிரம் லீற்றர் நீர் சேரும். கூரையை நீட்டினால் அதுவும் கூடும். பீலியும் குழாயும் இன்றி அந்த நீரைக் கீழ்வீட்டின் மண்திட்டில் கொட்ட விடுவது, அந்தத் திட்டை ஊறவைத்துச் சரிவதற்குத் தயாராக்குவதாகும். ஒவ்வொரு கூரையின் நீரும் சீமெந்துக் கானுக்கு (வடிகாலுக்கு) வந்து, அங்கிருந்து பொதுக் கானுக்குப் போக வேண்டும் என்பதை முதல் விதியாக எழுதுங்கள். கழிவறையின் ஊறுகுழியைத் தடுப்புச் சுவருக்கு மேற்புறம், அதை ஒட்டித் தோண்டக் கூடாது. தடுப்புச் சுவரின் பின்னால் கல் நிரப்பி, நீர் வெளியேறும் துளைகளை வைக்க வேண்டும். துளை இல்லாத சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி, அதன் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும்.

அடுத்தது நீட்டும் திசை. பின்னால் நீட்டினால் சரிவின் அடிவாரத்தை வெட்ட நேரிடும். அது மேலே நிற்கும் மண்ணின் தாங்கலை எடுத்துவிடுவதாகும். முன்னால் நீட்டினால், வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய பகுதியில் அத்திவாரம் போட நேரிடும். அங்கே மண் கீழிறங்கும்போது புதிய அறை பழைய சுவரிலிருந்து பிளந்து வெடிப்பு விடும். பெரும்பாலான காணிகளில் பக்கவாட்டே பாதுகாப்பானது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு அதில் மூன்றிலொரு பங்கிலும் குறைவு. ஆனால் மேல்திட்டும் கீழ்விளிம்பும் போக மீதமாவது சிறிதளவே என்பதால், ஒவ்வொரு காணிக்கும் நீட்டக்கூடிய இடத்தை இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

மஸ்கெலியா இல்லத்தரசி

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் பின்பக்கம் முதலில் எழுவது படுக்கையறை அல்ல, விறகு அடுப்புக்கான கொட்டில். எரிவாயு விலையைத் தாங்க முடியாதவர்கள் விறகில்தான் சமைக்கிறார்கள். வீட்டோடு கிடைத்த குசினியில் புகைபோக்கி இல்லாவிட்டால் புகை அறைகளுக்குள் அடைகிறது. ஆகவே சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவே தகரம் சாய்த்துக் கொட்டில் போடுகிறார்கள். அந்த இடத்தில்தான் கான் ஓடுகிறது. கானை மூடி விறகு அடுக்குவதால், மழைக்காலத்தில் நீர் வீட்டின் அத்திவாரத்துக்குள் இறங்குகிறது. ‘பின்னால் கொட்டில் போடாதே’ என்று மட்டும் எழுதினால் எந்தக் குடும்பமும் கேட்காது, கேட்கவும் இயலாது. பக்கவாட்டில் புகைபோக்கியோடு ஓர் அடுப்படியும் விறகு காயும் இடமும் எப்படி அமைய வேண்டும் என்று அளவோடு ஒரு மாதிரிப்படம் கொடுங்கள். அந்தப் படத்தை வரையும்போது வீட்டில் சமைப்பவர்களையும் சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். இதுவரை நான் பார்த்த திட்டக் கூட்டங்களில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை, அது எனக்கு மிகுந்த வருத்தம்.

கண்டி வரைஞர்

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 ஆம் ஆண்டு 41 ஆம் இலக்கச் சட்டம் அதற்கெனப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளுக்கே பொருந்தும். ஏனைய இடங்களில் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவை. சங்க விதி இவற்றுக்கு மாற்றாகாது. எனவே உங்கள் விதிகளையும் காணிவாரியான வரைபடத்தையும் பிரதேச சபையிடம் முன்கூட்டியே கொடுத்து, நீட்டிப்பு விண்ணப்பங்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

தபால் நிலைய முகப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் செங்கற் கட்டடத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது கூரையின் சரிவு. மழை அதில் தங்காது. நோர்வூட் பக்கம் தென்மேல் பருவக்காற்று மழையைச் சாய்வாக அடிப்பதால், மேற்குச் சுவருக்கு அகன்ற இறவாரம் வேண்டும் என்று சேருங்கள். ஊவாப் பக்கத்தில் வடகீழ்ப் பருவத்தைப் பார்த்து இது மாறும். ஆகவே மற்ற இடத்து விதிகளை அப்படியே பிரதி எடுக்க வேண்டாம்.

நோர்வூட் வாசி

மூவருக்கும் நன்றி. நிறம், முகப்பு பற்றிய பிரிவுகளை நீக்கிவிடும்படி சங்கத்திடம் கேட்கப் போகிறேன். ஏற்கெனவே கானின் மேல் கொட்டில் கட்டியவர்களை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது.

மஸ்கெலியா இல்லத்தரசி

உடைக்கச் சொல்லாதீர்கள். அடுத்த மழைக்கு முன் கானைத் திறந்து, கம்பி வலையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கவாட்டு அடுப்படிக்கான முதல் உதவியை, மண்திட்டு அதிக உயரமாக இருக்கும் வீடுகளுக்குக் கொடுங்கள்.