பீர் டேப் சொட்டினால், பாய்ச்சல் கெட்டால்: வீட்டில் கெக் (பீர் பீப்பாய்) வைத்திருப்போரின் அனுபவங்கள்

சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஸ்பானரை எடுக்காதீர்கள். டேப்பை டிஷ்யூவால் துடைத்துவிட்டு 10 நிமிடம் விட்டுப் பாருங்கள். தொட்டால் பிசுபிசுத்தால் பீர். வெறும் தண்ணீர் என்றால் உலோகம் வியர்க்கிறது. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அது இயல்பு. வாஷர் மாற்றிப் பயனில்லை, டவருக்குள் (டேப் பொருத்திய தூண்) நுரைப்பஞ்சு உறை போடுங்கள்.

பீர்தான் என்றால் இடத்தைப் பாருங்கள். மூக்கு நுனியில் வந்தால் உள்ளே அடைக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது காய்ந்த பீர் அதில் ஒட்டியிருக்கும். கைப்பிடியின் அடியில் கசிந்தால் அங்குள்ள காலர் என்ற திருகு வளையம் தளர்ந்திருக்கும். கையால் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நிற்கும். டேப்பும் டவரும் சேரும் இடத்தில் என்றால் தட்டை வாஷர் போய்விட்டது. ஊற்றியபின் இரண்டு மூன்று சொட்டு விழுந்து நின்றால் பழுதே இல்லை, மூக்குக்குள் தங்கிய பீர் அது.

*

இன்னொன்றும் உண்டு. உயரமான, கனமான கைப்பிடி தன் எடையாலேயே கொஞ்சம் முன்னே சாயும், டேப் முழுசா மூடாது. கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பாருங்க. சொட்டு நின்றால் டேப்பைப் பிரிக்கவே வேண்டாம்.

*

பிரிக்க வேண்டி வந்தால் வரிசை முக்கியம். கேஸை (கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை) மூடுங்கள், கெக்கிலிருந்து பீர் லைனை (பீர் வரும் குழாயை) கழற்றுங்கள், டேப்பைத் திறந்து மிச்ச அழுத்தத்தை ஒரு கோப்பையில் விடுங்கள். பிறகு டேப் ஸ்பானரை, டேப்பை டவரோடு பிணைக்கும் வளையத்தின் துளையில் மாட்டி, முன்னாலிருந்து பார்க்க வலப்பக்கமாகச் சுற்றினால் கழலும். வழக்கமான திசைக்கு இது நேர் எதிர். இடப்பக்கம் முழு பலத்தோடு திருகி மரையைக் கெடுப்பவர்கள் நிறைய.

பாகங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் பீர் லைன் கிளீனர் கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் தேயுங்கள். குளோரின் பிளீச் வேண்டாம், எவர்சில்வரையே அரித்துவிடும். வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் ரப்பர் உட்காரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) துணுக்கு ஒன்று சிக்கினாலும் போதும், சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெடித்திருந்தால் பழையதையே கடைக்கு எடுத்துப் போங்கள், ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். உணவுக்கு ஏற்ற ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

*

பூட்டும்போது ஓ-ரிங்குக்கு வாசலின் தடவாதீங்க, ப்ளீஸ். சில ரப்பர் வகைகள் அதில் ஊதிப்போகும், பீரின் நுரையும் அடங்கிவிடும். உணவுக்கு உகந்த சிலிக்கான் கிரீஸ், அதுவும் அரிசி அளவு, போதும்.

*

பாய்ச்சலுக்கு வருவோம். அளவு இதுதான்: 500 மில்லி கிளாஸ் 8 அல்லது 9 வினாடியில் நிரம்ப வேண்டும். பீர் 3 டிகிரி, அழுத்தம் 11, 12 பிஎஸ்ஐ, 3/16 அங்குல உள்விட்டமுள்ள வினைல் குழாய் சுமார் 3 மீட்டர். இதிலிருந்து தொடங்குங்கள். மெதுவாக வந்தால் குழாயை 15 சென்டிமீட்டர் வீதம் வெட்டிக் குறைக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது, ஆகவே நீளமாகவே ஆரம்பியுங்கள்.

வேகமாக வருகிறது என்று ரெகுலேட்டரை (கேஸ் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) குறைப்பதுதான் பெரிய தவறு. அழுத்தம் குறைந்தால் பீரில் கரைந்திருக்கும் கேஸ் குழாயிலேயே குமிழாகப் பிரியும். டேப்பில் நுரை கூடும், சில நாளில் கெக்கிலிருக்கும் பீரும் சப்பென்று ஆகும். அழுத்தம் பீருக்கானது, வேகத்தைக் குழாய் நீளம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள டேப் என்றால் பக்கத்து நெம்பை ஏறக்குறைய மூடி வைத்து, பெரிய கைப்பிடியை முழுதாகத் திறந்து, பிறகு நெம்பை மெல்லக் கூட்டுங்கள். கைப்பிடியைப் பாதி திறந்து வேகத்தைக் குறைக்கப் பார்த்தால் நுரைதான் வரும்.

முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து இரண்டாவது சரியாக வந்தால் எந்த நெம்பையும் தொட வேண்டாம். டவரில் நின்ற பீர் நம்மூர் வெக்கையில் சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான். கெக் இருக்கும் ஃப்ரிட்ஜின் குளிர்காற்றை ஒரு சின்ன 12 வோல்ட் விசிறியும் குழாயும் வைத்து டவருக்குள் ஏற்றினால் தீரும்.

*

கேஸ் சிலிண்டரைப் பாம் ஷெல்ட்டரில் (வீட்டிலுள்ள அவசரகாலப் புகலிட அறை) மட்டும் வைக்காதீங்க. கசிந்தால் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தேங்கும், வாசனையும் வராது. ஒவ்வொரு இணைப்புக்கும் சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி வருதான்னு பார்த்தபிறகே ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்துங்க.