இடது பக்கம் பொரிந்த கடுகு

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், வாயில் வருவது என்னவோ பழைய பெயர்தான். சித்தப்பா இங்கே ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ பிரீஆம்ப் ஒன்று இருந்தது. பாட்டின் மெல்லிய சிக்னலை வாங்கி, பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் பெட்டி அது. தோட்டம் செம்பனைக்கு மாறி, அவர் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு பதினைந்து வருஷம் அலமாரிக்கு மேலேயே கிடந்தது. "எடுத்துக்கிட்டுப் போடா, உனக்குத்தான் இந்தப் பைத்தியம்" என்று போன தீபாவளிக்குக் கொடுத்துவிட்டார்.

மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை ஓடு மூன்று, டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் குளவி கட்டிய மண்கூடு. எல்லாவற்றையும் பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். நேரே பிளக்கில் செருகாமல், 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மங்கியது, நல்லவேளை. பின்பக்கம் வோல்டேஜ் சுவிட்ச் 240-இல் இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானுக்குள் விற்ற செட் என்றால் 100 வோல்ட்தான், இங்கே அப்படியே செருகினால் புகைதான் வரும்.

பாட்டு வந்தது, கூடவே இரண்டு நோயும் வந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். இடது பக்கம் மட்டும், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி படபடப்பு.

உறுமல் சுலபம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை முழு அலையாக டிசி ஆக்கும்போது 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் மிஞ்சும். அதை விழுங்க வேண்டிய பெரிய கெபாசிட்டர் காய்ந்து போயிருந்தது. மாற்றியதும் நின்றது. அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. எல்லாவற்றுக்கும் கெபாசிட்டர்தான் காரணம் என்று, போர்டில் மிச்சமிருந்த 22-ஐயும் இரண்டு ராத்திரி கண் விழித்து மாற்றினேன். கடுகு அது பாட்டுக்குப் பொரிந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்குப் போகும் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகினேன். கடுகு வலது ஸ்பீக்கருக்குப் போனது, ஆகக் கோளாறு பிரீஆம்ப் பக்கம்தான். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன். பாட்டு அடங்கியது, படபடப்பு அடங்கவில்லை. அப்படியென்றால் கோளாறு வால்யூமுக்குப் பிறகு. இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெரிதாக்கும் போனோ பகுதி முழுக்கத் தப்பித்தது. சந்தேகம் இடது பக்கம் மூன்றே மூன்று டிரான்சிஸ்டர் மேல் வந்து நின்றது. குளிரூட்டும் ஸ்ப்ரேயை ஒவ்வொன்றின் தலையிலும் லேசாக அடித்தேன். இரண்டாவதில் அடித்ததும் சட்டென்று அமைதி. சூடேறியதும் மறுபடி கடுகு.

கழற்றிப் பார்த்தால் அதன் மூன்று கால்களும் துலக்காத வெள்ளிக் கொலுசு மாதிரி கறுத்திருந்தன. உண்மையில் அது வெள்ளிப் பூச்சுதான், காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். அதில் இருந்தது அந்தக் காலத்து ஜப்பான் டிரான்சிஸ்டர் 2எஸ்சி458, இந்தக் கறுத்த காலுக்கும் இரைச்சலுக்கும் பேர்போனது.

கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் கடையில் அதற்குப் பதிலாக பிசி550 என்ற டிரான்சிஸ்டர் கிடைத்தது. "சாமா லா" (இரண்டும் ஒன்றுதான்) என்றார் தவுக்கே, கடைக்காரர். சாமா இல்லை. தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, ஜப்பான்காரனுக்குக் கால்களின் வரிசை இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி550-க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். நடுக்காலே வேறு என்பதால் திருப்பிப் போட்டாலும் பொருந்தாது. இது தெரியாமல் வைத்து, இடது பக்கம் ஊமையாகிவிட்டது. கழற்றி, கால்களுக்கு உறை மாட்டி, குறுக்கே வளைத்து மறுபடி சால்டர் செய்தேன். வலது பக்கத்துக்கும் அதையே போட்டேன். டிரான்சிஸ்டர் இரண்டும் சேர்த்து இரண்டு ரிங்கிட்கூட இல்லை. தேவையில்லாமல் மாற்றிய கெபாசிட்டர்களுக்கு எவ்வளவு ஆனது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சித்தப்பா வந்து கேட்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், கனத்த ஒலியைக் கூட்டும் பாஸ் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு உட்கார்ந்தார்.

தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகர்: நான் செய்த கூத்தையும் சொல்கிறேன். வால்யூம் கரகரத்தது என்று, பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே விட்டேன். இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி சுற்றியது. அப்புறம் தூசியெல்லாம் அதிலேயே ஒட்டி, முன்னைவிட மோசம். கான்டாக்ட் கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள். அடித்ததும் இருபது முப்பது தடவை திருகிவிட்டு, காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள்.

பீடோரிலிருந்து இன்னொரு வாசகர்: அண்ணே, என் செட்டிலும் இதே கடுகு. ஆனால் வால்யூமைக் குறைத்தால் நின்றுவிடுகிறதே?

பதில்: அப்போது வால்யூமுக்கு முன்னால் தேடுங்கள் தம்பி. எதிலிருந்து பாட்டு வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை போனோவிலிருந்து ஆக்ஸுக்கு (வேறு கருவிக்கான இணைப்பு) மாற்றி, வால்யூமை ஏற்றிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் போனோ போர்டு. ஆக்ஸிலும் பொரிந்தால் செலக்டருக்கும் வால்யூமுக்கும் நடுவில். அதைப் பார்க்கும் வரை கெபாசிட்டர் எதையும் வாங்கிவிடாதீர்கள்.