எல்லை பெரிதா, பிழைப்பு பெரிதா: வெளியுறவுக் கொள்கையை எது தீர்மானிக்கிறது?

நொய்யல்கரை:
2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்கியதற்காக. டாலர் விலைச்சீட்டு ஒட்டிப் பெட்டி கட்டிய பனியன்கள் திருப்பூரில் தேங்கின. அந்தச் சீட்டோடு வேறு நாட்டு பையருக்கு அனுப்ப முடியுமா? எண்ணெய் முடிவுக்கு டெய்லரின் ஓவர்டைம் போனது. பிழைப்பைப் பார்த்துத்தான் வெளியுறவை வகுக்க வேண்டும் என்கிறேன்.

தாராபுரத்தான்:
வருத்தம் நியாயம்தானுங்க. ஆனால் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. டீசல் ஏறினால் லாரி வாடகையில் தொடங்கி எல்லாமே ஏறும், அதுவும் பிழைப்புதான். அப்புறம் பாதுகாப்பு. 1962-இல் சீனாவிடம் பட்ட அடி, 1971 ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தம், இன்றும் கையில் இருக்கும் ரஷ்ய சுகோய் விமானமும் டி-90 டாங்கியும்... உதிரி பாகம் தருகிற நாட்டை ஒரே நாளில் உதற முடியாது.

நொய்யல்கரை:
சரி, எல்லை மாறாது. கொள்கை மாறுகிறதே? 1991-இல் அந்நியச் செலாவணி வற்றித் தங்கத்தை அடகு வைத்த பிறகுதான் வியாபாரத்துக்காகத் தென்கிழக்கு ஆசியா பக்கம் திரும்பினோம். சீனா அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது.

மஞ்சக்காடு:
ரெண்டு பேருமே உள்ளூர் அரசியலை விட்டுட்டீங்க. 2012 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில், இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2013 நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை. இலங்கையில் சீனா கால் ஊன்றும் என்ற பயம் தில்லிக்கு அப்போதும் உண்டு. அதையும் மீறித் தமிழ்நாட்டின் குரல் எடுபட்டது.

தாராபுரத்தான்:
எவ்வளவு நாளைக்குங்க? அதே ஜெனீவாவில் 2014 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் வாசலில் நிற்கும்போதே, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிவிட்டது.

நொய்யல்கரை:
பிரிட்டன் ஒப்பந்தத்தைப் பாருங்க அண்ணா, 2025 ஜூலையில் கையெழுத்தானது. அவர்கள் விஸ்கிக்கும் காருக்கும் நாம் வரியைக் குறைக்கிறோம், நம் ஆடைக்கு அவர்கள் வரியை நீக்குகிறார்கள். வங்கதேசச் சரக்கு அங்கே வரியில்லாமல் இறங்குவதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிக் கிடைத்தது இது. எண்ணெய் விஷயத்திலும் தில்லி தொழில்காரர் பேச்சை அப்படிக் கேட்டிருக்க வேண்டும். வரி விழுந்தால் எந்த ஊர் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு முடிவெடுக்கிற மேசையில் இருக்க வேண்டாமா?

தாராபுரத்தான்:
கட்டாயம் இருக்க வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். நிவாரணத்தையும் முன்கூட்டியே தயார் செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் நான் ரஷ்ய எண்ணெயை வாங்கத்தான் சொல்லியிருப்பேன்.