புது வண்டியின் விளக்கும் மணியும் பழகவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

கோட்டையூர் ஆச்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோட்டையூரில் பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, கல்யாண வீடு என்றால் அதிரசம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் டின்களை நானே காரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். 14 ஆண்டுகள் ஒரே சின்னக் காரை ஓட்டினேன். கிளட்ச் மிதித்துக் கியர் போடும் வண்டி. எந்தப் பொத்தான் எங்கே என்று கண் தேட வேண்டியதில்லை, கை தானாகப் போகும். போன மாதம் மகன் அதைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் வண்டி எடுத்துக் கொடுத்தான். நான்காம் நாள் அவன் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டான்.

ஷோரூமில் சாவி கொடுத்த பிள்ளை பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பாட்டு வைப்பதையும் போனை இணைப்பதையும் விரிவாகக் காட்டினார். மழையில் கண்ணாடி மூடிக்கொண்டால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, மாலை போட்டுத் தேங்காய் உடைக்கிற அவசரத்தில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சென்ற சங்கடஹர சதுர்த்தி அன்று மாமியாரைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. குன்றக்குடி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட இடக்கையை அசைத்தேன், இண்டிகேட்டர் எரிந்தது. இந்த வண்டியில் இரண்டும் பக்கம் மாறி இருக்கின்றன. அதைச் சரி செய்வதற்குள் முன்கண்ணாடி உள்ளே வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. முந்தானையால் துடைத்தேன், துடைத்த இடம் மறுபடி மூடியது. அந்த நேரத்தில் ஆட்டு மந்தை ஒன்று சாலையில் ஏறியது. பிரேக்கை அழுத்தினேன். காலுக்கடியில் மிதி கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி நிற்காமல் நகர்ந்தது. கடைசியாகப் போன குட்டியின் வெள்ளைக் கால்கள் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. அது தப்பியது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இன்னும் சில உண்டு. இல்லாத கிளட்ச்சைத் தேடி இடது கால் போகிறது. போனால் அகலமான பிரேக் மிதியில் விழுகிறது, வண்டி குத்தி நிற்கிறது. பின்னால் இருக்கும் மாமியாருக்கு 81 வயது, ஒருமுறை முன்சீட்டில் நெற்றி இடித்துக்கொண்டார்கள். டாஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற மஞ்சள் விளக்கு ஒன்று, நடுவில் ஆச்சரியக்குறியோடு மூன்று நாட்களாக எரிகிறது. பிறகு ஒரு மணி. நான் பெல்ட் போட்டிருந்தாலும் அடிக்கிறது. தேவகோட்டைக்குப் போகும்போது அடிக்கிறது, திரும்பி வரும்போது அடிப்பதில்லை. ஷோரூமில் கேட்டால் வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

வண்டியைக் குறை சொல்லவில்லை. மகன் ஆசையாக வாங்கித் தந்தது. முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். எதை முதலில் பிடிப்பது?


கல்லல் பட்டறை எழுதியது:

ஆச்சி, வணக்கம். முதலில் அந்த மணி. போகும்போது பலகார டின்னை முன்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறீர்களா? அப்படியானால் மணி அடிப்பது உங்களுக்காக இல்லை, டின்னுக்காக. அந்த இருக்கைக்குள் எடையை உணரும் கருவி இருக்கிறது. ஏழெட்டுக் கிலோ வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டு, ஏன் பெல்ட் போடவில்லை என்று கேட்கும். வரும்போது டின் இல்லை, மணியும் இல்லை. டின்னுக்குப் பெல்ட் மாட்டினாலும் சத்தம் நிற்கும். ஆனால் தயவுசெய்து டின்னை டிக்கிக்கு மாற்றுங்கள். நீங்கள் பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், டின் நிற்காது.

மஞ்சள் லாடம் டயர் காற்றுக்கான விளக்கு. ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆள் குறைவாக இருந்தால் எத்தனை பவுண்டு, சுமை ஏற்றினால் எத்தனை என்று அதில் இரண்டு கணக்கு போட்டிருக்கும். டின் ஏற்றும் நாளுக்கு இரண்டாவது கணக்கு. காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மழையில் வெப்பம் பத்து டிகிரி இறங்கினாலே ஒன்றரை, இரண்டு பவுண்டு குறையும். அதனால் மழை நாளில் இந்த விளக்கு எரிவது உண்டு. ஆனால் மூன்று நாள் எரிகிறது என்றால் ஆணியைத் தேடுங்கள். காற்றைச் சரி செய்த பிறகும் சில வண்டிகளில் விளக்கு அணையாது, திரைக்குள் போய்ப் புதிய அளவைப் பதிய வைக்க வேண்டும். கையேட்டில் அதற்குத் தனிப் பக்கம் இருக்கும்.

பொதுவாக விளக்கின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டுங்கள். எண்ணெய் விளக்கு என்றாலும் என்ஜின் சூடு என்றாலும் அப்படித்தான். பிரேக் விளக்கு சிவப்பாக இருந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் எரிந்தால் வீடு வந்து சேரலாம், வாரக்கணக்கில் விடக்கூடாது.

இப்போது அந்த அதிர்ச்சி. இதை நிதானமாகப் படியுங்கள். மிதி அதிர்ந்தது பழுது இல்லை, அது ஏ.பி.எஸ். என்ற கருவி வேலை செய்த சத்தம். ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் போட்டால் சக்கரம் சுழற்சி நின்று வழுக்கும். வழுக்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அதைத் தடுக்க அந்தக் கருவி ஒரு நொடிக்குள் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்த விட்டுப் பிடித்தல்தான் உங்கள் காலில் கடகடவென்று தெரிந்தது. அப்போது காலை எடுக்கவே கூடாது. இன்னும் அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகுங்கள், வண்டி திரும்பும். 2019 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். உங்கள் பழைய வண்டியில் இருந்திருக்காது, அதனால் கால் அறியவில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நம் பக்கத்துச் சரளை மண் சாலையில் ஏ.பி.எஸ். இருந்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.


பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

ஆச்சி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீடு இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கும். பின்வாசல் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு, மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். என்ஜினைப் போடாமல் மின்சாரம் மட்டும் வருகிற நிலையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடுவேன். வைப்பர், ஹெட்லைட், முன்கண்ணாடிக்குக் காற்று, பின்கண்ணாடிச் சூடு, நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும் சிவப்பு முக்கோணப் பொத்தான். இருட்டிலும் மழையிலும் வேண்டியவை இந்த ஐந்துதான். கை தவறினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நாளுக்குக் கால்மணி நேரம், ஒன்பதாம் நாள் கை தவறவில்லை. திரையில் உள்ள மற்றவற்றை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்கு வருகிறேன். உள்ளே படர்ந்தால் துணியால் துடைத்துப் பயனில்லை, நம் மூச்சில் உள்ள ஈரம்தான் குளிர்ந்த கண்ணாடியில் போய் உட்காருகிறது. வளைந்த கண்ணாடியில் மூன்று அம்புகள் மேலே போகிற படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். ஏ.சி. ஓட வேண்டும், அதுதான் ஈரத்தை உறிஞ்சும். மழை என்று பலர் ஏ.சி.யை நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. இன்னொன்று, காருக்குள் அம்பு சுழல்கிற படம் எரிந்தால் உள்காற்றே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். சில நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்து வரும்.

வைப்பர் போட்டதும் போய்விடுகிற படலம் என்றால் அது வெளிப்பக்கம் படர்ந்தது. கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம், ஏ.சி. குளிரைக் கொஞ்சம் குறையுங்கள். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் சிரமப்பட்டேன்.

இடது காலுக்கு எனக்கு ஒரே ஒரு வழிதான் கைகொடுத்தது. பிரேக்குக்கு இடப்பக்கம் கால் வைக்க ஒரு மேடை இருக்கும். ஏறியதும் இடது குதிகாலை அதில் ஊன்றிவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு மட்டும். மாமியாரையோ பிள்ளைகளையோ ஏற்றாமல் ஒரு வாரம் தனியாக ஓட்டுங்கள்.

சாவிக்குள் சின்ன வட்டப் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்த அன்று கல்யாண வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்றேன். அந்தச் சாவிக்குள்ளேயே கதவு திறக்க இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. உள்ளே போய்ச் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டி வைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பும். வைக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பார்த்து வையுங்கள்.


ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், தேவகோட்டை எழுதியது:

ஆச்சிக்கு வணக்கம். பட்டறைத் தம்பியும் அந்தப் பெண்ணும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொத்தானுக்கு முன்பு இருக்கையும் கண்ணாடிகளும். 14 ஆண்டுகள் ஒரு வண்டியில் உட்கார்ந்த உடம்பு புது வண்டியிலும் அதே மாதிரி உட்காரப் பார்க்கும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், நீட்டி எட்டக்கூடாது. தோள் இருக்கையில் பதிந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். அதன் பிறகுதான் கண்ணாடிகள். உள்கண்ணாடியின் கீழே சின்ன நெம்புகோல் இருந்தால் இரவில் இழுத்துவிடுங்கள், பின்னால் வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைக் குத்தாது. அது இல்லாத சில வண்டிகளில் கண்ணாடி தானே மங்கிக்கொள்ளும்.

புது வண்டிகளில் சாலையில் போட்ட கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் தானே இழுக்கும் வசதி வருகிறது. உங்கள் வண்டியில் இருந்தால் ஊர்ச்சாலையில் நிறுத்தி வையுங்கள். பள்ளத்துக்கு விலகும்போது இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். சைக்கிள்காரரை விட்டு விலகும் நேரத்தில் கைக்குள் இன்னொரு கை வேண்டாம். இளையவர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, நாற்கரச் சாலையில் நல்லது என்பார்கள். நாற்கரச் சாலையில் சரி.

திருமயம் பக்கம் வேகமாகப் போகும்போது வேறொரு மணி கேட்டால் பயப்படாதீர்கள். 80ஐத் தாண்டினால் விட்டு விட்டும் 120ஐத் தாண்டினால் நிற்காமலும் அடிக்கும். 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் காருக்கும் அது சட்டம்.


கோட்டையூர் ஆச்சி எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மூவருக்கும் நன்றி.

மணி டின்னுக்காகத்தான். டிக்கிக்கு மாற்றிய அன்றே நின்றுவிட்டது. காலையில் காற்றுப் பார்த்ததில் மூன்று டயரில் 32, பின்னால் இடப்பக்கம் மட்டும் 24. பஞ்சர் கடைத் தம்பி சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றினார். ஓரிடத்தில் கடுகு அளவு குமிழி ஒன்று மெல்ல வந்து உடைந்தது, இன்னொன்று வந்தது. பிடுங்கிப் பார்த்தால் பந்தல்காரர்கள் அடிக்கிற ஆணி, தலை தேய்ந்து பளபளவென்று இருந்தது. மூன்று நாள் அந்த ஆணியோடு மாமியாரை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

கண்ணை மூடித் தேடும் பழக்கம் இன்று ஆறாம் நாள். வைப்பர் வந்துவிட்டது. பின்கண்ணாடிச் சூட்டுக்கு இன்னும் கை தடுமாறுகிறது. இருக்கையை இரண்டு நிலை முன்னால் இழுத்ததில் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஞாயிறு காலை, ஆள் இல்லாத ஈரத் தார்ச்சாலையில், மகளின் கணவர் பக்கத்தில் இருக்க, மெதுவான வேகத்தில் பிரேக்கை ஓங்கி அழுத்திப் பார்த்தேன். மிதி அதிர்ந்தது. காலை எடுக்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் கொட்டகை வாசல் சாய்வாக இருக்கும். இரவு வண்டியை அங்கே ‘பி’யில் (பார்க்கிங்) போட்டு நிறுத்துகிறேன். காலையில் ‘பி’யிலிருந்து எடுக்கும்போது அடியில் ‘டக்’ என்று பெரிய சத்தம் கேட்கிறது. இது சரியா?


கல்லல் பட்டறை எழுதியது:

சரியில்லை ஆச்சி, ஆனால் பழுதும் இல்லை. ‘பி’யில் கியர்பெட்டிக்குள் விரல் மாதிரி ஒரு சிறு இரும்பு பல்லில் போய் மாட்டிக்கொள்கிறது. சாய்வில் வண்டியின் மொத்த எடையும் அந்த விரலில் தொங்குகிறது. காலையில் அதைப் பிடுங்கும் சத்தம்தான் ‘டக்’.

வரிசையை மாற்றுங்கள். நின்றதும் காலை பிரேக்கிலேயே வைத்து ‘என்’னுக்கு (நியூட்ரல்) வாருங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுக்கப் போடுங்கள். பிறகு காலை மெல்லத் தளர்த்தினால் வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து ஹேண்ட்பிரேக்கில் உட்காரும். மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’ போட்டு என்ஜினை அணையுங்கள். காலையில் கால்பிரேக்கை அழுத்தி முதலில் ‘பி’யிலிருந்து எடுங்கள், அதன் பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். சாய்வு அதிகம் என்றால் சக்கரத்துக்கு ஒரு கட்டையும் வையுங்கள், காலையில் எடுக்க மறக்காதீர்கள்.