கொம்பனித் துவக்குக் குழாய்க்குள் ஏதோ தடக்குது

பனையடியான் (ஸ்கார்பரோ):
வணக்கம். போன கிழமை கிங்ஸ்டன் பக்கம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் என் முதல் தீக்கல் துவக்கை வாங்கினேன். ‘பிரவுன் பெஸ் (பிரிட்டிஷ் படையின் பழைய துவக்கு), வாட்டர்லூ காலம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால், பூட்டுத் தகட்டில் ஒரு சிங்கம் பின்னங்காலில் நின்று கிரீடத்தைப் பிடித்திருக்கிறது. குழாய் 39 அங்குலம். கட்டையில் தேவநாகரி எண்கள். நேபாளத்து நகலைத் தலையில் கட்டிவிட்டார்களோ?

இன்னொன்று. இரும்புக் கோலைக் குழாய்க்குள் விட்டு, அடையாளம் வைத்து, வெளியே அளந்தேன். நெருப்புத் துளைக்கு (பொறி உள்ளே போகும் சின்ன ஓட்டைக்கு) இரண்டரை அங்குலம் முன்னமே நின்றுவிடுகிறது. தட்டினால் இரும்புச் சத்தம் இல்லை, மொத்தென்கிறது. துருதானே? மண்ணெண்ணெய் விட்டு, எமரித் தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று இருக்கிறேன்.

கல்லும்மருந்தும்:
ஐயா, முதலில் தட்டுவதை நிறுத்துங்கள்! குழல் வாய்க்கு நேரே நீங்களும் நிற்க வேண்டாம், வேறு யாரையும் விடவும் வேண்டாம். அது துருவாக இருக்காது. யாரோ வெடிமருந்தும் குண்டும் இடித்து அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் இருக்கும் ஏழில் இரண்டு இப்படித்தான் வந்தன. ஒன்றில் குண்டைச் சுற்றிய காகிதம்கூட நைந்துபோகவில்லை.

வெடியுப்பும் கரியும் கந்தகமும் நூறு வருஷமானாலும் கெடாது. நெருப்புத் துளை வழியாகத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். அப்புறம் பழைய துப்பாக்கி தெரிந்த கைக்காரரிடம் ஈரத்தோடு கொண்டுபோங்கள். காய்ந்தால் மருந்துக்குப் பழைய குணம் திரும்பிவிடும்.

சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 1808 வரை இதய வடிவம் இருந்தது, அதற்குப் பிறகு சிங்கம். கம்பெனிப் படை வாட்டர்லூப் போருக்குப் போகவில்லை, ஆகவே ஏலத்தில் சொன்னது கதை. தேவநாகரி எண்ணை வைத்து மட்டும் நகல் என்று சொல்ல முடியாது. காட்மாண்டுக் கிடங்கிலிருந்து 2003இல் விற்பனைக்கு வந்த குவியலில் இங்கிலாந்தில் செய்ததும் இருந்தது, நேபாளத்தில் செய்ததும் இருந்தது. குழலின் அடியில் லண்டன் சோதனை முத்திரை (குழலைச் சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம்) இருக்கிறதா பாருங்கள்.

கோட்டைவாசல் (சென்னை):
கொடுத்துவைத்தவர் நீங்கள். எனக்கு ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. ஒரு சந்தேகம். அந்தக் காலச் சிப்பாய்கள் செங்கல் தூள் போட்டுக் குழலை வெள்ளி மாதிரி தேய்த்துத்தானே வைத்திருந்தார்கள்? இவர் எமரி போட்டால் மட்டும் என்ன தப்பு?

கல்லும்மருந்தும்:
தேய்த்தார்கள்தான். தேய்ந்து தேய்ந்து முத்திரை மங்கிப்போனதும் அதனால்தான். முத்திரையில் மிச்சமிருக்கும் கோடுகளையும் எமரியில் அழித்துவிட்டு, பிறகு அது சிங்கமா பூனையா என்று எங்களைக் கேட்கக் கூடாது. பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

பனையடியான்:
நீங்கள் சொன்னது சரி. கைக்காரரிடம் கொண்டுபோனேன், திருகு முனைக் கோலால் அரை மணித்தியாலம் மெனக்கெட்டுக் குண்டை எடுத்தார்கள். பின்னால் மருந்து கறுப்புச் சேறாக வழிந்தது. குண்டில் வெள்ளை பூத்திருக்கிறது. சமையல் தராசில் 32 கிராம். லண்டன் முத்திரையும் இருக்கிறது, மங்கல்தான். எமரித் தாளைக் கடையில் திருப்பிக் கொடுத்தாச்சு. துவக்கு மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாதாம், மனைவி இன்னும் கராஜைத்தான் காட்டுறா.